எல்லாருக்கும் இருக்கிற முதுகுவலி

கட்டிலை விட்டு எழுந்திருப்பதே ஒரு வேலை என்பது எனக்கு இருபத்தாறு வயதில் தெரிந்தது.

அப்போது தாம்பரத்துக்குப் பக்கத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. விடிவதற்கு முன்பே இடுப்புக்குக் கீழே, பிட்டத்துக்குள் எங்கோ ஆழத்தில், ஒரு வலி வந்து என்னை எழுப்பிவிடும். சில நாள் வலது பக்கம், சில நாள் இடது பக்கம். புரண்டு படுக்கவேண்டுமானால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பை மொத்தமாகத் திருப்பவேண்டும். எழுந்து நின்றால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகமுடியும். வாஷ்பேசினில் குனிந்து முகம் கழுவ வராது. பல் துலக்கி நின்ற நிலையில் துப்பினால் பாதி சட்டையில் விழும். சாக்ஸ் போடுவதற்கு மட்டும் கட்டிலில் உட்கார்ந்து காலோடு மல்லுக்கட்டுவேன்.

இதில் விசித்திரம் என்னவென்றால், கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். பால் வாங்கப் போய், வேண்டுமென்றே ரயில்வே கேட் வரை நடந்து திரும்பி, சுடுதண்ணீரில் குளித்து முடிக்கும்போது உடம்பு மறுபடி என்னுடையதாகிவிடும். பத்து மணிக்கு பைக்கில் ஏறி உட்காரும்போது காலையில் இருந்தவன் வேறு யாரோ என்று தோன்றும்.

அப்போது எனக்கு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வேலை. விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, எது விபத்தில் உடைந்தது, எது ஏற்கெனவே கெட்டுப்போனது என்று பிரித்து எழுதவேண்டும். கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி ரோடு முழுக்க, சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று எந்த மெக்கானிக் ஷெட்டும் எனக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பேன், மல்லாந்து படுத்துப் பார்ப்பேன். பகலில் அதெல்லாம் என்னால் முடிந்தது. அதனால்தான் நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

நம்பவில்லை என்று சொல்வதும் சரியில்லை. எல்லாரும் உடனே நம்பினார்கள். முதுகு வலிக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் தன் சட்டையைத் தூக்கித் தன் பெல்ட்டைக் காட்டினார். அலுவலக மேனேஜருக்குக் கழுத்து எலும்பு தேய்மானம். பக்கத்து ஃபிளாட் ஆசிரியைக்கு இரண்டு முழங்காலும் போச்சு. படியில் குழந்தை மாதிரி ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்குவார். மாமனாருக்குத் தோள்பட்டை தூக்க வராது. என் அம்மாவுக்குக் குதிகால். எதிர்வீட்டு ஐ.டி. பையனுக்கு மணிக்கட்டு. நான் பேச்சை ஆரம்பித்தால் போதும், ஆளுக்கு ஒரு எலும்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து முடிப்பார்கள்: "இந்தக் காலத்துல யாருக்குப்பா முதுகுவலி இல்ல?"

இந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. பத்து வருடத்துக்கும் மேலாக என் வியாதி இந்தக் கேள்விக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டு தன் வேலையைச் செய்தது. யாருக்கும் இல்லாத ஒரு வியாதி எனக்கு வந்திருந்தால் முதல் வாரமே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். எல்லாருக்கும் இருக்கிற வலி எனக்கும் வந்ததால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் பார்த்தது மெயின் ரோட்டில் இருந்த ஓர் எலும்பு டாக்டரை. கூட்டம் மாடிப்படி வரை நிற்கும். என் முறை வந்தபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன வேலை?"

"இன்ஷூரன்ஸ் சர்வேயர் சார். வண்டியிலயே சுத்தற வேலை."

"அப்புறம் வலிக்காம என்ன பண்ணும்? நம்ம ரோட்டுல பைக் ஓட்டினா டிஸ்க் அவ்ளோதான்."

"ஓட்டும்போது வலிக்கல சார். படுத்து எழுந்திரிச்சாத்தான்…"

"ஒரு மாசம் ஃபுல் ரெஸ்ட். பலகையில படுங்க. குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது. பெல்ட்டும் மாத்திரையும் எழுதியிருக்கேன்."

நான் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் என் வியாதியே இருந்தது. அதற்குள் அவர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். பிறகு நான் எடுத்துவந்த எக்ஸ்ரேயைப் பார்த்தார். லேசான தேய்மானம் என்றார். தேய்மானத்துக்கு கிளைம் கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். எனக்கே அந்த வார்த்தை கிடைத்தது.

மாத்திரை சாப்பிட்ட ஐந்தாறு நாளும் சொர்க்கமாக இருந்தது. நிறுத்தியதும் பழையபடி. பலகையில் படுத்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எழுந்து நடக்கவேண்டிய உடம்பைப் படுக்கப் போட்டு இறுகவிட்டேன். சிமெண்ட் மூட்டையை மழையில் வைத்துவிட்டு அப்புறம் ஏன் கல்லாகிவிட்டது என்று கேட்ட மாதிரி. மாத முடிவில் திரும்பிப் போனபோது அவர், "இன்னும் ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் பார்க்காத ஆள் இல்லை. ஒருவர் எண்ணெய் போட்டு உருவினார். ஒருவர் முதுகில் கரண்ட் வைத்தார். வைட்டமின் குறைவு என்றார் ஒருவர். இன்னொருவர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் ஏதாவது பிரச்சினையா, டென்ஷனா என்று கேட்டார். உருளைக்கிழங்கை விட்டேன், தயிரை விட்டேன், இலவம்பஞ்சு மெத்தையை விட்டேன். வலி மட்டும் என்னை விடவில்லை.

என் மனைவி பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தாள். காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் வரும். அதற்குள் சமையல், சாப்பாட்டு டப்பா, மகள் பிறந்த பிறகு அவளைக் குளிப்பாட்டி எடுத்துப்போய் என் மாமியார் வீட்டில் விடுவது எல்லாம் நடக்கவேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் நான் எதற்கும் உதவாத இரண்டு மணி நேரம். தண்ணீர் கேனைத் தூக்கி மாட்ட முடியாது. அழுகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்க முடியாது. நான் சுவரோரம் நிற்பேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் நண்பன் ஒருவனைப் பார்க்க மாடம்பாக்கம் கிளம்பினேன். சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"காலையில ஒரு பக்கெட் தண்ணி நகர்த்தச் சொன்னேன். முடியலன்னீங்க."

"இப்ப கொஞ்சம் பரவாயில்ல."

"வெளியில போகணும்னா மட்டும் முதுகு சரியாயிடுது இல்ல?"

"நடந்தா சரியாகுதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நடந்தா வலி கூடும்னுதான் ஊருல எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு மட்டும் குறையுமா? நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

நான் சட்டைப் பொத்தானைப் போட்டேன். அவள் சொன்னது ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட உண்மை. நான் சொன்னது என் உடம்புக்கு மட்டும் தெரிந்த உண்மை. அவளுக்கும் கழுத்து வலித்தது. எழுந்து எல்லா வேலையையும் செய்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். அந்த வீட்டில் வலியைச் சொல்லும் தகுதி அவளுக்குத்தான் இருந்தது.

நடுவில் கண் சிவந்தது. ஒரு கண் மட்டும். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் திரையை மூடிக்கொண்டு துண்டைப் போட்டுப் படுத்துக் கிடந்தேன். மெட்ராஸ் ஐ என்று வீட்டில் என் துண்டைத் தனியாக வைத்தார்கள். தாம்பரத்தில் ஒரு கண் டாக்டர் பார்த்து, உள்ளே வீக்கம் என்று சொட்டு மருந்து தந்தார். சில வாரத்தில் போய்விட்டது. அடுத்த வருடம் மறு கண்ணில் வந்தது. மறுபடி சொட்டு மருந்து. அந்த டாக்டர் கண்ணைத்தான் பார்த்தார். அவர் படித்தது கண். எலும்பு டாக்டர் எலும்பைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஆளை யாரும் பார்க்கவில்லை.

இதற்குள் அலுவலகத்தில் என்னை வெளிவேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். லீவு அதிகம், காலையில் தாமதம். மேனேஜர் கழுத்தில் காலருடன் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "எனக்குக் கூடத்தான் வலி இருக்கு. நான் ஒரு நாள் லேட்டா வந்திருக்கேனா? மனசு வேணும் சார்." எனக்கு அடுத்து சேர்ந்தவர் சீனியர் ஆனார். என்னை மேஜையில் உட்காரவைத்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து பிறர் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து ஒப்புதல் தரும் வேலை. உட்கார உட்கார இறுகியது. நடக்கவாவது விட்டிருந்த வேலையும் போனது.

என் கழுத்து எப்போது குனிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளில் நடந்தால் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. அது தெரியவந்தது மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில்.

மனைவியின் சித்தப்பா மகளுக்கு வரவேற்பு. மேடையில் ஏறி மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றோம். புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், கேமராவப் பாருங்க."

"பார்க்கிறேன்."

"தலையக் கொஞ்சம் தூக்குங்க சார். இன்னும். இன்னும் கொஞ்சம். நிமிந்து நில்லுங்க சார், கல்யாண வீடு இது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தூக்கினேன். தூக்கினேன் என்று நான் நினைத்தேன். அவர் மேடையேறி வந்து, மணமகளுக்குச் செய்வதுபோல, என் தாடையைப் பிடித்து மேலே தள்ளினார். கழுத்து அசையவில்லை. உடம்பு மொத்தமும் பின்னால் சாய்ந்து, முழங்கால் மடங்கி, விழப்போனேன். மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டார். புகைப்படக்காரர் கையை எடுத்துவிட்டார். அவர் முகத்தில் இருந்தது பயம்.

சாப்பிடாமல் வந்துவிட்டோம். ஆட்டோவில் மகள் என் மனைவி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முடிச்சூர் ரோட்டு நெரிசலில் வண்டி நின்றபோது மனைவி என் பின்கழுத்தில் கை வைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"தெரியல."

"நானும் பார்க்கலையே. தினமும் கூடவேதானே இருக்கேன்."

மூன்றாவது முறை கண் சிவந்தபோது, பழைய டாக்டர் ஊரில் இல்லை. வேறொரு கண் மருத்துவமனைக்குப் போனோம். பெரிய டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் ஜூனியர் டாக்டர் ஒருத்தி என்னைப் பரிசோதித்தாள். படிப்பு முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். கண் பார்க்கும் கருவியின் மேல் தாடையை வைக்கச் சொன்னாள். நான் வைப்பதற்குப் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாள்:

"சார், முதுகுவலி இருக்கா?"

கண்ணைக் காட்ட வந்தவனிடம் முதுகைக் கேட்கிறாளே என்று பார்த்தேன்.

"எல்லாருக்கும் இருக்கிறதுதாங்க."

"காலையில எழுந்திரிக்கும்போது இறுக்கமா இருக்குமா? ரொம்ப நேரம்?"

"ஆமா."

"நடந்தா குறையுமா?"

என் மனைவி அறையில்தான் இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கக் கழுத்தும் திரும்பாது. என் வாயிலிருந்து வந்தால் நடிப்பாக இருந்த வாக்கியம், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து கேள்வியாக வந்தது. சிவந்த கண்ணிலிருந்தும் சிவக்காத கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. அந்த ஜூனியர் டாக்டர் அதை வியாதியின் தண்ணீர் என்றே நினைத்துத் துடைக்கப் பஞ்சு கொடுத்தாள்.

"கண்ணுக்கு மருந்து தரேன். ஆனா நீங்க ரூமட்டாலஜி டாக்டரப் பார்க்கணும். மூட்டு, வாத நோய் பார்க்கிறவங்க. எலும்பு டாக்டர் இல்ல, வேற. தள்ளிப்போடாதீங்க சார்."

அப்படி ஒரு டாக்டர் வகை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை எலும்புகள் வலிக்கிற ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு இருந்தது. நான் எதிர்பார்த்தது நாலைந்து கிழவர்கள். கதவைத் திறந்ததும் கூடம் நிரம்பி வழிந்தது. கல்லூரிப் பையுடன் ஒரு பெண், முகத்தில் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி சிவப்புத் தடிப்பு. சீருடையில் ஒரு போலீஸ்காரர், ஒரு காலில் மட்டும் ஷூ; மறுகாலின் பெருவிரல் தக்காளியாக வீங்கியிருந்தது. அம்மாவின் இடுப்பில் ஒரு சின்னப் பிள்ளை, முழங்கால் இரண்டும் உருண்டையாக. விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துபோன பெண்கள் எத்தனையோ பேர். என் வயதில், என்னைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு ஆண்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள நாங்கள் இடுப்போடு சேர்த்துத் திரும்பவேண்டியிருந்தது.

"சார்! நீங்களா?"

பள்ளிக்கரணையில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் பாய். நான் வெளிவேலையில் இருந்தபோது வாரம் தவறாமல் அவர் ஷெட்டில் டீ குடித்திருக்கிறேன். பக்கத்தில் அவர் மனைவி.

"இன்னா சார் இது? அத்தினி வருசம் ஷெட்டுக்கு வந்துகினு இருந்தீங்க. ஒரு வார்த்த சொன்னதில்லயே?"

"நீங்களும்தான் சொல்லல பாய்."

"சொல்லி இன்னா ஆவப்போவுது சார். வூட்ல கை வலின்னு வெளிய யாராச்சும் சொல்லுவாங்களா? எல்லா வூட்லயும்தான் கீது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "தண்ணில கை வெக்காத, தண்ணில கை வெக்காதன்னு இவளாண்ட சொல்லிகினே இருந்தேன். பெரிய பேஜாரு சார் இது. தண்ணியில இல்ல சார் வியாதி."

அவர் மனைவி தையல் வேலை செய்தவர் என்று எனக்குத் தெரியும். ஷெட்டுக்கு மேலே வீட்டில் எப்போதும் மெஷின் சத்தம் கேட்கும். அவர் பிளாஸ்டிக் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தண்ணீர் குடித்தார். விரல்கள் டம்ளரைத் தொடவே இல்லை.

"கத்திரி புடிக்க முடியலண்ணா," என்றார் என்னிடம். "மெஷின வித்துட்டோம். இப்ப நெஞ்சையும் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. கைவலிக்கு நெஞ்சு எதுக்குன்னு கேட்டேன். இந்த வியாதி மூட்டோட நிக்காதாம். இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா இன்னாண்ணா?"

டாக்டருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. என்னைச் சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நிற்கச் சொன்னார். "இப்ப பின்தலையால சுவரைத் தொடுங்க." தொட முடியவில்லை. தலைக்கும் சுவருக்கும் நடுவில் அவர் கையை நுழைத்துப் பார்த்தார். கை தாராளமாகப் போனது. குனியச் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி மார்பில் டேப் வைத்து அளந்தார். மார்பு விரியவே இல்லை. சில வருடமாகப் படி ஏறும்போது எனக்கு ஏன் மூச்சு வாங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. ரத்தம் எடுத்தார்கள், இடுப்பைப் படம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார்.

"முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற இடத்துல ரெண்டு மூட்டு இருக்கணும். உங்களுக்கு ரெண்டும் ஒட்டிடுச்சு. மேல கழுத்து வரைக்கும் ஒட்டிக்கிட்டே போயிருக்கு. கண்ணுல வந்ததும் இதே வியாதிதான். எப்ப ஆரம்பிச்சது?"

"இருபத்தாறு வயசுல."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். நான்தான் கேட்டேன். "அப்பவே வந்திருந்தா?"

"அப்ப வந்திருந்தா நிமிர்ந்து நிப்பீங்க." சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "ஒட்டினதைப் பிரிக்க முடியாது. இன்னும் ஒட்டாததைக் காப்பாத்தலாம்."

"வெளியில இவ்ளோ கூட்டம் இருக்கே டாக்டர்."

"இது வந்து சேர்ந்தவங்க கூட்டம். வந்து சேராதவங்க எல்லாம் பெல்ட் போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிட்டிருக்காங்க."

உள்ளே தூங்கும் காசநோயை இந்த மருந்து எழுப்பிவிடுமாம்; அது இல்லை என்று சோதித்துவிட்டு ஊசி ஆரம்பித்தார்கள். வயிற்றுத் தோலில் போடுகிற சின்ன ஊசி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலை கண் விழித்தேன். ஜன்னலில் வெயில் வந்திருந்தது. வலி என்னை எழுப்பியிருக்கவில்லை. புரண்டு படுத்தேன், கட்டிலைப் பிடிக்காமல் புரண்டேன். எங்கே வலி என்று தேடினேன். இல்லை.

சந்தோஷம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது கோபம். இவ்வளவுதானா? என் இளமையின் எல்லாக் காலைகளையும் தின்றது இவ்வளவு சுலபமாகப் போகக்கூடியதா? பெரிய சண்டைக்குப் பிறகு போயிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். சத்தமே போடாமல் போய்விட்டது. போகும்போது எடுத்துக்கொண்ட எதையும் திருப்பித் தரவில்லை.

மனைவி காபியோடு வந்தாள். நான் சொன்னேன். அவள் கட்டில் முனையில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஊசியா? இவ்ளோ நாளும் ஒரு ஊசிக்கா?"

பிறகு, "நான் உங்கள நடிக்கிறீங்கன்னு சொன்னேன்," என்றாள்.

"நீ மட்டுமா சொன்ன."

அது சமாதானம் இல்லை. அவள் அழுதாள், நான் காபியைக் குடித்தேன். எங்களுக்குள் அதற்குப் பிறகு சண்டை குறைந்தது. ஆனால் சண்டை போட்ட வருடங்களில் பேசவேண்டியிருந்த எதையும் எங்களால் பிறகு பேச முடியவில்லை. அதுவும் ஒட்டிப்போன மூட்டுதான். டாக்டர் சொன்னதுபோல, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

வலி இல்லாத குனிந்த மனிதனாக வாழப் பழகிவிட்டேன். சாலையைக் கடக்க உடம்போடு திரும்புகிறேன். பஸ்ஸில் என்னைவிட மூத்தவர்கள் எழுந்து இடம் தருகிறார்கள். முதலில் மறுத்துக்கொண்டிருந்தேன், இப்போது உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு ஜனவரியில் மகளின் பள்ளியிலிருந்து பெற்றோரையும் சேர்த்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஒரு பெரிய கூட்டம் தலைக்கு மேல் பறந்து போயிருக்கிறது. எல்லாரும் அண்ணாந்து நின்று "ஆ" என்றார்கள். நான் வரிசையாக நின்ற அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என் கையைப் பிடித்து, "அப்பா, வெள்ளையா, நிறைய, வளைஞ்சு போகுதுப்பா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் சொல்லித்தராமல் செய்தாள். எனக்கு அது பெருமையாக இல்லை. அந்த வயதில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாத ஒரு வேலை அது.

சென்ற வருடம் அந்த எலும்பு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். திட்டுவதற்கு இல்லை. என்னைப்போல இன்னொருவன் வந்தால் அந்த ஒரு வாக்கியத்தை முழுசாகக் கேளுங்கள் என்று சொல்லவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். கிளினிக் இப்போது இரண்டு மாடி. அவருக்கு என்னை நினைவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன வியாதியின் பெயரைச் சொன்னேன்.

"ஓ, அதுவா." என்னை முதல் முறையாக மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அது ரொம்ப அபூர்வமான கேஸ் சார். ஆயிரம் முதுகுவலி பார்க்கிற இடத்துல ஒண்ணு இப்படி வரும். கண்டுபிடிக்கிறது கஷ்டம்."

ஆஸ்பத்திரியில் நிரம்பி வழிந்த அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நர்ஸ் அடுத்தவரை உள்ளே விட்டுவிட்டாள்.

வெளியே பெஞ்சில் ஓர் இளைஞன் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தான். காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் படிக்கிற பையனாக இருக்கவேண்டும். கழுத்தில் அடையாள அட்டை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நாலடி நடந்தான், இடுப்பில் கை வைத்து நெளிந்தான், உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தான். அந்த நடையை எனக்குத் தெரியும்.

பக்கத்தில் போய்க் கேட்டேன். "தம்பி, முதுகா?"

"ஆமா சார்."

"படுத்து எழுந்தா அதிகமா, நடந்தா அதிகமா?"

அவன் என் பக்கம் திரும்பினான். என் கண்ணைப் பார்க்க அவன் கொஞ்சம் குனியவேண்டியிருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தான். அம்மா முந்திக்கொண்டாள்.

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லம்மா. எனக்கும் இவன் வயசுல இப்படித்தான்…"

"எங்க பையனுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." அவள் என் கழுத்தைப் பார்த்தாள், பார்த்ததும் மகன் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்தாள். "பைக் ஓட்டறான், செல்லையே பார்த்துக்கிட்டு குனிஞ்சிருக்கான். அதான். இப்ப எல்லாப் பசங்களுக்கும் இருக்கு."

அவளைக் குறை சொல்ல முடியாது. என்னைப் போன்ற ஓர் உருவம் வந்து தன் பிள்ளையிடம் நானும் இப்படித்தான் இருந்தேன் என்று சொன்னால் எந்தத் தாய்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்?

மருந்துக் கடை ரசீது ஒன்று சட்டைப்பையில் இருந்தது. அதன் பின்பக்கம் எந்த மாதிரி டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று எழுதினேன். காலை இறுக்கம், நடந்தால் குறையும், இதை மட்டும் சொல்லு, வேறு எதுவும் சொல்லவேண்டாம் என்று கீழே எழுதினேன். அவள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவனிடம் நீட்டினேன். வாங்கிப் படிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா முன்னால் போக, அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்து, முதல் இரண்டு மூன்று அடிகளை விறைப்பாக வைத்து, பிறகு சரளமாக நடந்து உள்ளே போனான்.

அந்தத் தாளை அவன் எடுத்துப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது.